கொய்யாவில் மருந்து எச்சம்: எந்தக் கருவி வாங்குவது?

மலேசியாவின் பேராக்கில் விளையும் பீடோர் கொய்யாவைச் சோதிக்க ஆய்வகம் வைப்பவர்கள், கருவியின் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் தோட்டத்தின் மருந்தடிப்புப் பதிவேட்டைப் பாருங்கள்.

சைபர்மெத்ரின், குளோர்பைரிஃபாஸ் போல, சூட்டில் சிதையாமல் ஆவியாகும் மருந்துகளுக்கு ஜிசி-எம்எஸ்/எம்எஸ் (வாயுவாக்கிப் பிரித்து, நிறையைக் கொண்டு இனங்காணும் கருவி). இமிடாகுளோபிரிட், கார்பென்டசிம், மெத்தோமில் என்றால் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (திரவத்திலேயே பிரித்து, அதேபோல இனங்காணும் கருவி). ஒன்றுக்குத்தான் காசு என்றால் எல்சியே எங்கள் தேர்வு. இன்றைய மருந்துகளில் பெரும்பங்கு அதில் அகப்படும். மான்கோசெப் இரண்டிலும் நேரடியாகச் சிக்காது, அதற்குத் தனி முறை வேண்டும். மலிவான என்சைம் சோதனை அட்டை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் பூச்சிமருந்து வகைகளை மட்டுமே காட்டும்.

விற்பனையாளரிடம் வெறும் கரைசலில் ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். மருந்து படாத கொய்யாவை அரைத்து, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கலந்து கொடுங்கள். அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க, 10 கிராம் விழுதுக்கு 10 மில்லி அசிட்டோநைட்ரில், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு. உடனே ஒரு நிமிடம் குலுக்கணும். தாமதித்தால் சல்பேட் கல்லாக இறுகிவிடும். நம்மூர் ஈரக்காற்றில் திறந்து வைத்த சல்பேட் டப்பாவும் அப்படித்தான். ஐந்து முறை செய்து, மீட்பு (கலந்த மருந்தில் கருவி காட்டும் பங்கு) 70–120 விழுக்காட்டுக்குள் நின்றால் மேற்கொண்டு பேசலாம். அளவீட்டுக் கோட்டையும் (சிக்னலை மருந்தின் அளவாக மாற்றும் ஒப்பீட்டுக் கோடு) கொய்யாச் சாற்றிலேயே போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்சியில் சாறு சிக்னலை அமுக்கி எச்சத்தைக் குறைத்துக் காட்டும்.

எல்சிக்கு ஓயாமல் நைட்ரஜன் வேண்டும். நைட்ரஜன் ஜெனரேட்டர் விலையையும் சேர்த்தே கேளுங்கள். ஜிசிக்கு ஹீலியம் சிலிண்டர் எத்தனை நாளில் வந்து சேரும்? இடிமழையில் கரண்ட் போனால் வெற்றிட பம்ப் நின்றுவிடும், யுபிஎஸ் கட்டாயம்.