வி210 வீடியோவில் படம் சாய்ந்து தெரிகிறதா?

வி210 என்பது சுருக்காத வீடியோவைச் சேமிக்கும் ஒரு வடிவம். ஒரு வரியின் பைட் கணக்கு தவறினால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, படம் சாயும். வி210 ஃபிரேமைப் படிக்க நிரல் எழுதும்போது, படத்தின் அகலத்தை 48-ஆல் வகுத்து, மீதி வந்தால் ஒன்றைக் கூட்டி, 128-ஆல் பெருக்குங்கள். ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பது அதுதான்.

இது 10 பிட் 4:2:2 வடிவம்: ஒவ்வொரு மதிப்புக்கும் 10 பிட், இரண்டு பிக்சலுக்கு இரண்டு ஒளி மதிப்பு, இரண்டு நிற மதிப்பு. 32 பிட் கொண்ட ஒரு சொல்லில் (word) மூன்று மதிப்புகள் அடங்கும், மேலே 2 பிட் சும்மா கிடக்கும். ஆறு பிக்சலுக்கு 12 மதிப்புகள், அதாவது நான்கு சொற்கள், 16 பைட். இதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் 128 பைட்டின் மடங்காகும்வரை கடைசியில் வெற்று பைட்டுகளால் நிரப்பப்படுகிறது. 1920 அகலத்தில் 5120 பைட் கச்சிதமாக வந்துவிடுவதால் பிழை வெளியே தெரியாது. 1280-இல்தான் குட்டு உடையும்: அங்கே 3413 அல்ல, 3456 பைட். அதனால் சோதனையை 1280-இலேயே தொடங்குங்கள்.

8 பிட் யுஒய்விஒய் வடிவத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அதில் பிக்சலுக்கு 2 பைட், அவ்வளவுதான். அப்புறம், சில மென்பொருள்கள் வி210-ஐயே நிரப்பாமல் எழுதிவிடும். சந்தேகம் இருந்தால் ஃபிரேமின் மொத்த பைட்டை உயரத்தால் வகுத்துப் பாருங்கள்.