வயதானவர்களுக்குக் கோப்பியில் சத்துமா: கட்டி விழாமல் கலக்கும் முறை

எங்கள் அம்மாயி சத்துமாவை, அதாவது டின்னில் வரும் பால் புரத மாவை, பாலில் கரைத்துக் கொடுத்தால் இரண்டு மிடறோடு வைத்துவிடுவார். கோப்பி என்றால் மிச்சம் வைக்கவே மாட்டார். அட்டனில் எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்க்கத் தொடங்கியது அதனால்தான்.

முதலில் டின்னில் உள்ள அட்டவணையில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 50-60 கிராம். ரொட்டியும் சம்பலுமாகச் சாப்பிடுகிறவருக்கு அது எட்டாது. சீனி வருத்தம் இருந்தால் சீனி குறைந்த மா வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

கோப்பியை வழக்கம்போல் போட்டு, கொஞ்சம் லேசாகவே வடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இடித்த தூள் என்றால் துணியில் வடிப்பது நல்லது. மண்டி தங்கினால் மா கரையவில்லையோ என்று தோன்றும்.

எல்லாரும் தடுக்கி விழுவது அடுத்த கட்டத்தில்தான். கொதிக்கிற கோப்பியில் மாவைப் போடாதீர்கள். சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல் பால் புரதம் உருக்குலையத் தொடங்கும். கோப்பியின் புளிப்பும் சேர்ந்தால் திரிந்துவிடும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், ஆனாலும் மாவுக்கு அந்தச் சூடு அதிகம். வெளியே வெந்து உள்ளே காய்ந்த மாவாக உருண்டை உருண்டையாக மிதக்கும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குத் தொண்டையில் அந்த உருண்டை சிக்கினால் ஆபத்து.

அதனால் கோப்பையில் மாவைப் போட்டு, ஆறிய தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி விட்டுக் குழையுங்கள். கரண்டியின் பின்புறத்தால் கோப்பைச் சுவரில் தேய்த்தால் தோசை மா பதத்துக்கு வரும். அப்புறம் குடிக்கிற சூட்டுக்கு ஆறிய கோப்பியை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். ஊற்றுவது கோப்பி, காத்திருப்பது மா. இந்த வரிசை மாறவே கூடாது.

குலுக்கும் போத்தலை நான் விரும்புவதில்லை. சூடான பானத்தை மூடிக் குலுக்கினால் மூடி தெறிக்கும். சின்ன முட்டை அடிப்பான் போதும்.

காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சோற்றுக்கும் நடுவே கொடுங்கள், பசி கெடாது. மாலையில் கொடுத்தால் தூக்கம் போகும். கலந்ததை பிளாஸ்க்கில் வைத்துத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: மாத்திரைகளைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை இந்தக் கோப்பியோடு கொடுக்காதீர்கள், உடலில் சரியாகச் சேராது. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். தைரொயிட் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுங்கள். சத்துமாவில் கல்சியமும் இரும்பும் இருப்பதால், தைரொயிட் மாத்திரைக்கும் இந்தக் கோப்பிக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.