குளிர்நாட்டில் ஒரு கீரைப் பாத்தி

குளிர்நாட்டில் குடியேறியவர்கள் இயற்கை உணவைத் தேடிக் கடை கடையாக அலைவதைவிட, வீட்டின் பின்புறத்தில் சிறு பாத்தி அமைத்துக் கீரை விதைப்பதே நல்ல தொடக்கம். பழைய வீடாயின், சுவரிலிருந்து உதிர்ந்த ஈயம் கலந்த சாயம் மண்ணில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. வெந்தயம் குளிரை ஓரளவு தாங்கும். தண்டுக்கீரைக்கோ கடைசி உறைபனி கழிந்து, மண் ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். கடுகைவிடச் சிறிய அதன் விதையை மணலுடன் கலந்து தூவி, விரலால் மண்ணை லேசாகக் கீறி மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள். உரத்திற்கு, சமையலறைக் கழிவு ஒரு பங்குடன் காய்ந்த இலை மூன்று பங்கு சேர்த்து மட்கவிடலாம். அறுவடையின்போது வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால், பக்கக்கிளைகள் மீண்டும் தழைக்கும்.