மரக்கப்பல் மாதிரி: பலகை ஒட்டும் முன்பே நடக்கும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கப்பல் மாதிரி செய்ய உட்காருகிறவருக்கு, நேரில் பார்த்துப் பழக ஒகேனக்கல் பரிசலை விட்டால் வேறு கலம் கிடையாது. வரைபடத்தை நம்பித்தான் முழு வேலையும். முதல் கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கிவிடுவார்கள். படத்தில் உள்ள அளவுக்கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சரிபார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மரம் என்றதும் எல்லோரும் தேக்கைத்தான் கேட்பார்கள். 1817-ல் பம்பாயில் கட்டிய டிரிங்கோமலி போர்க்கப்பல் தேக்குதான். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. ஆனால் 1:64 அளவில், அதாவது அசலை 64-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும்போது, தேக்கின் ரேகையும் துளையும் பூதாகரமாகத் தெரியும். சன்னபட்டணா பொம்மை செய்யும் வெட்பாலை இதற்கு அருமையான மரம்: வெளிர் நிறம், நெருக்கமான ரேகை. அதற்காகக் காட்டுக்குள் போய்க் கொப்பு வெட்டிவிடாதீர்கள், வழக்காகிவிடும். மா மரம் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் நன்றாகக் காயாவிட்டால் கறுத்துப்போகும், வண்டும் துளைக்கும். எந்த மரமானாலும் ரம்பம் போட்ட ஈரத்தோடு ஒட்டினால், நம் ஊர் சித்திரை வெயிலில் சுருங்கிப் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுவிடும்.

பெரும்பாலான கப்பல்கள் கெடுவது அடுத்த கட்டத்தில். கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தில், விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை நிறுத்தியதும், கப்பல் உருவம் தெரிகிற ஆசையில் உடனே பலகையை ஒட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அணியத்தை, அதாவது கப்பலின் மூக்கை, நெருங்கும்போது பலகை சாய்வாக வரும். சட்டத்தின் விளிம்பு நேர்வெட்டாக இருந்தால், பலகை ஒரு மூலையில் மட்டும்தான் தொடும். மூன்று சட்டங்களையாவது ஒன்றாகத் தொடும் நீளத்துக்கு ஒரு கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, விளிம்புகளைச் சரிவாகத் தேயுங்கள். மெல்லிய மரப்பட்டி ஒன்றை வளைத்து வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பிலும் முழுசாகப் படிய வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், பட்டியை நம்புங்கள். இதற்கு நாள் கணக்கில் ஆகும். ஆகட்டும்.

அப்புறம் பலகையின் அகலம். கப்பலின் வயிறு பெரிது, மூக்கு சிறிது. ஒவ்வொரு சட்டத்திலும் தளத்து விளிம்பிலிருந்து அடிமரம் வரை காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து, பலகை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நடுவில் 60 மி.மீ., அணியத்தில் 36 மி.மீ., பலகை 12 என்றால், ஒவ்வொன்றும் 5 மி.மீட்டரிலிருந்து 3 மி.மீட்டருக்குக் குறுக வேண்டும். குறுக்காமல் ஒட்டினால், நான்கைந்து வரிசையிலேயே பலகைகள் மூக்கில் ஒன்றோடொன்று மோதி மேலேறும். பலகையின் அகலம் பாதிக்கும் கீழே குறுக வேண்டி வந்தால், இரண்டு பலகையை அங்கேயே முடித்து, அவற்றுக்குப் பதிலாக ஒரே பலகையைத் தொடருங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். அடிமரம் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுவதே சரி.

ஊறவைத்து வளைத்த பலகையைக் கிளிப் போட்டு அதே வளைவில் காயவிட்டு, அதன்பிறகு ஃபெவிகால் போடுங்கள். வழிந்த பசையை அப்போதே ஈரத்துணியால் துடைக்காவிட்டால், அந்த இடத்தில் வார்னிஷ் இறங்காது.

கயிறு கட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஆங்கிலேயக் கப்பல் பட்டியல்களில் கயிற்றின் அளவாகப் போட்டிருப்பது சுற்றளவு, விட்டம் அல்ல. 12 அங்குலக் கயிறு என்றால் விட்டம் 4 அங்குலத்துக்கும் குறைவு. 1:64-ல் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நூல் போதும். விட்டம் என்று எடுத்துக்கொண்டால் 4.8 மி.மீ. வந்துவிடும், பாய்மரமே ஒல்லியாகத் தெரியும். பூக்கட்டும் நூலில் பிசிறு அதிகம். பாலியஸ்டர் நூல் வாங்குங்கள். பருத்தி நூல்தான் வேண்டுமென்றால் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துவிட்டுக் கட்டுங்கள்.