கருத்தா, கட்டளையா? படைப்பு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்படம், தொடர், அனிமேஷன் என எதைத் தயாரிக்கும் நிறுவனமும் புதிய யோசனைகள் கிடைப்பதில்லை என்று அவ்வப்போது குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். உள்ளே நெருங்கிப் பார்த்தால் யோசனைகள் தாராளமாகவே இருக்கும். யார் எந்தக் கட்டத்தில் குறை சொல்லலாம், இறுதி முடிவு யாருடையது என்பது மட்டும் தெளிவில்லாமல் இருக்கும். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் தவறு, கருத்துக் கூறுவதையும் கட்டளையிடுவதையும் ஒன்றாக்கிவிடுவது. கதை விவாதத்தில் தயாரிப்பாளரும் பைனான்சியரும் நாயகன் தரப்பும் ஆளுக்கொரு திருத்தம் சொல்ல, எதையும் மறுக்க முடியாத இயக்குநர் அனைத்தையும் திரைக்கதைக்குள் திணித்தால், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு படம்தான் மிஞ்சும். இதற்கு மாறாக, அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்ஸார் 'பிரெய்ன்டிரஸ்ட்' என்றொரு வழக்கத்தை வளர்த்தது. உருவாகிக்கொண்டிருக்கும் படத்தை அனுபவமுள்ள இயக்குநர்களும் கதையாசிரியர்களும் பார்த்து, எந்த இடம் சரியில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். ஆனால் அதைத் திருத்தச் சொல்லி வற்புறுத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஏற்பதும் விடுவதும் இயக்குநரின் பொறுப்பு. முதலாளி அறையில் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பதால், ஸ்டீவ் ஜாப்ஸையே இந்தக் கூட்டங்களுக்கு வராமலிருக்கும்படி நிறுவனத் தலைவர் எட் கேட்மல் கேட்டுக்கொண்டார், அவரும் இணங்கினார். நம் ஊரில் எத்தனை தயாரிப்பாளர்கள் இதற்கு இணங்குவார்கள் என்பது வேறு கேள்வி. 2006-இல் டிஸ்னி நிறுவனம் பிக்ஸாரை வாங்கியபோதும், இரண்டு ஸ்டூடியோக்களும் தனித்தனியாகவே இயங்க வேண்டும், நெருக்கடி வந்தாலும் ஒன்றிடமிருந்து மற்றொன்று ஆட்களைக் கடன் வாங்கக்கூடாது என்று விதி வகுத்தார்கள். தன் சிக்கலைத் தானே தீர்த்த குழுவுக்குத்தான் தன்மீது நம்பிக்கை பிறக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இரண்டாவது தவறு, அளவுமீறிய உழைப்பை வழக்கமாக்குவது. அதற்கும் அதே பிக்ஸாரின் வரலாற்றில் சான்று இருக்கிறது. 'டாய் ஸ்டோரி 2' முதலில் வீட்டு வீடியோவுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் திரையரங்குப் படமாக மாற்றப்பட்டது. 1998-இன் இறுதியில் கதை தேறவில்லை என்று உணர்ந்து, வெளியீட்டுத் தேதியை மாற்ற முடியாத நிலையில், ஏறத்தாழ 9 மாதங்களில் படத்தை மீண்டும் உருவாக்கினார்கள். 1999 நவம்பரில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் வேலை முடிந்தபோது ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஓயாத கணினி வேலையால் கை, மணிக்கட்டுப் பாதிப்புகள் இருந்தன. களைத்துப்போன ஒருவர், காப்பகத்தில் விடவேண்டிய கைக்குழந்தையை மறந்து காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஒருமுறை நெருக்கடியில் நேர்ந்த அளவுமீறிய உழைப்பை அர்ப்பணிப்பின் அளவுகோலாக்கி, அடுத்த படத்திற்கும் அதையே எதிர்பார்ப்பதுதான் நிர்வாகத்தின் தவறு. படப்பிடிப்புத் தளத்தில் இரவு பகல் பாராது உழைத்ததைப் பெருமையாகப் பேசும் நாமும் இதை எண்ணிப்பார்ப்பது நல்லது.

புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும்போது, அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவரை நியமிக்காமல் விடுவது மூன்றாவது தவறு. ஒளிநாடாக்களைக் கைவிட்டு, ஊழியர்கள் தம் மேசையிலிருந்தே காட்சிகளைத் தேடவும் தொகுக்கவும் பகிரவும் வழிசெய்யும் திட்டமொன்றை 2008-இல் தொடங்கிய பி.பி.சி., 2013 மே மாதம் அதைக் கைவிட்டது. வீணான தொகை 9.84 கோடி பவுண்டு. முழுத் திட்டத்திற்கும் பொறுப்பான ஒற்றை அதிகாரி இல்லாததையும், அது வெறும் தொழில்நுட்பப் பணியாகவே நடத்தப்பட்டதையும் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் சுட்டிக்காட்டியது. வேலை செய்யும் முறை மாறாமல் மென்பொருள் மட்டும் மாறினால் என்ன பயன்?

வடிவத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் பார்வையாளரைப் பிறகு தேடுவது நான்காவது தவறு. கைபேசிக்கான குறும்தொடர்களை நம்பி 175 கோடி டாலர் திரட்டிய குவிபி என்ற அமெரிக்க ஓ.டி.டி. சேவை, 2020 ஏப்ரலில் தொடங்கி அதே ஆண்டிலேயே மூடப்பட்டது. தொடக்கத்தில் அதைத் தொலைக்காட்சியில் பார்க்கவும் வசதியில்லை.

கடைசியாக, யோசனை யாரிடமிருந்து வந்தது என்பதைப் பதிவு செய்யாமல் விடுவது. விவாத அறையில் உதவி இயக்குநர் சொன்ன காட்சி, பெயரின்றிக் கதையில் கரைந்துபோவது நம் திரையுலகில் புதிதல்ல. 'சர்கார்' படத்தின் கதை குறித்து 2018-இல் எழுந்த வழக்கு, 2007-இல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவான ஒரு கதையின் ஆசிரியருக்குப் படத்தின் தொடக்கத்தில் நன்றி தெரிவிப்பது என்ற உடன்பாட்டில், வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் முடிந்தது. பதிவு இருந்ததால் பேச்சுக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு விவாதத்தின் முடிவிலும் தேதியிட்ட குறிப்பொன்றை எழுதி, கலந்துகொண்ட அனைவருக்கும் படியனுப்புவதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. தன் பெயர் அதில் இருக்கும் என்று தெரிந்த உதவி இயக்குநர், அடுத்த யோசனையைத் தன் சொந்தப் படத்திற்கென்று ஒளித்துவைக்கவும் மாட்டார்.