ஏழு சபைகளின் ஊர்களுக்குக் குழுவாகப் போவது எப்படி?

வேதாகம ஊர்களைப் பார்க்கப் போவோம் என்றதும் நம் சபைகளில் எருசலேம், பெத்லகேம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரங்களில் கடிதம் பெற்ற ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே பஸ்ஸில் ஆறு நாளில் ஏழையும் பார்த்துவிடலாம். சபையாகச் சேர்ந்து முதல்முறை போக நினைப்பவர்களுக்கு ஏற்பாட்டை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வழியைக் கடிதத்திலிருந்தே எடுங்கள்

எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. இந்த வரிசையிலேயே வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். எபேசுவில் தொடங்கி வடக்கே ஏறி, பெர்கமுவில் திரும்பி, தென்கிழக்கே இறங்கி லவோதிக்கேயாவில் முடியும். யோவான் இருந்த பத்மு தீவிலிருந்து கடிதத்தைக் கொண்டுவந்தவர் இப்படித்தான் போயிருப்பார் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சில பேக்கேஜ்களில் எபேசு, லவோதிக்கேயா போன்ற பெரிய இடங்களை மட்டும் காட்டிவிட்டு இஸ்தான்புல் கடைவீதிக்கு நாள் ஒதுக்கிவிடுவார்கள். ஏழு ஊரும் வேண்டும், இதே வரிசையில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் எபேசுவின் பளிங்குத் தெருவில் ஒதுங்க நிழல் கிடையாது. வயதானவர்களை அப்போது கூட்டிப் போகவே வேண்டாம்.

படி 2: ஆளும் விசாவும்

ஒரு பஸ், ஒரு வழிகாட்டி என்று பார்த்தால் 25 முதல் 30 பேர் சரியான அளவு. பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியை எல்லாரிடமும் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது) விசா கையில் உள்ளவர்கள் ஆன்லைனில் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், டிக்கெட் போடும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பத்முவையும் சேர்க்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது கிரேக்க நாட்டுத் தீவு. ஷெங்கன் விசா தனியாக வேண்டும், மறுபடி துருக்கிக்குள் நுழைய இருமுறை நுழைவு அனுமதியும் வேண்டும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

படி 3: வழிகாட்டி

துருக்கியில் சுற்றுலாக் குழுவுக்கு அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி இருந்தாக வேண்டும். ஏழு சபைப் பாதையில் ஏற்கெனவே குழுக்களை அழைத்துப் போனவரா என்று கேட்டுப் பேசுங்கள். ஆங்கிலத்தில் அவர் சொல்வதைச் சுருக்கமாகத் தமிழில் சொல்ல உங்கள் குழுவிலேயே ஒருவரை நியமித்துவிடுங்கள். இல்லையென்றால் பின்வரிசையில் நிற்கும் பாட்டிமார்களுக்கு ஒன்றும் போய்ச்சேராது.

படி 4: ஏழு கடிதம், ஏழு பேர்

இந்தப் பயணத்தின் உயிரே இதுதான். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆளுக்கு ஒரு கடிதம் என்று ஏழு பேரிடம் ஒப்படையுங்கள். அந்த ஊரில் நின்று அந்தக் கடிதத்தை அவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் போதகரே வாசித்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகிவிடுவார்கள். ஒரு வாலிபப் பெண், ஒரு சண்டே ஸ்கூல் ஆசிரியர், ஒரு தாத்தா என்று கலந்து கொடுங்கள். வாசிப்பும் ஒரு சின்ன ஜெபமும் போதும். பாட்டும் ஆராதனையும் நடத்துவதாக இருந்தால் அனுமதி வேண்டுமா என்று வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள். இடிபாடுகள் அரசின் பாதுகாப்பில் உள்ளவை, மற்ற குழுக்களும் பக்கத்திலேயே நிற்பார்கள்.

படி 5: நாள்வாரியாக

முதல் நாள்: சென்னையிலிருந்து இஸ்தான்புல் வழியாக இஸ்மிர் போய் இறங்குங்கள். இஸ்மிர்தான் பழைய சிமிர்னா. ஆனால் விமான நிலையம் நகருக்குத் தெற்கே, எபேசு போகும் பக்கமாகவே இருக்கிறது. அதனால் நகருக்குள் போகாமல் நேராக எபேசுவுக்குப் பக்கத்து ஊரான செல்ச்சுக் போய்த் தங்குங்கள். வரிசையும் கெடாது.

இரண்டாம் நாள்: எபேசு. மேல் வாசலில் நுழைந்து கீழ் வாசலில் வெளியே வாருங்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் சௌகரியம். பளிங்கு வழுக்கும், ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ கட்டாயம். செல்சுஸ் நூலகத்தில் எல்லாரும் படம் எடுத்து முடித்ததும் பெரிய அரங்கத்துக்கு வந்து உட்காருங்கள். சுமார் 25,000 பேர் அமரக்கூடியது. பவுலுக்கு எதிராகத் தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கூட்டம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணிநேரம் கத்தியது இங்கேதான். அப்போஸ்தலர் 19-ஐ இங்கே வாசித்துவிட்டு, அந்தத் தியானாள் தேவியின் கோவில் இருந்த இடத்துக்குப் போங்கள். உலக அதிசயங்களில் ஒன்றாக இருந்த கோவிலில் இன்று எழுப்பி நிறுத்தியிருப்பது ஒரே ஒரு தூண். எபேசு சபைக்கான கடிதத்தை மாலையில், யோவானின் கல்லறை இருப்பதாகச் சொல்லப்படும் பழைய ஆலயத்தில் வாசியுங்கள்.

மூன்றாம் நாள்: இஸ்மிரின் பழைய அகோரா, அதாவது சந்தை மைதானம். "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்ற வசனம் சிமிர்னாவுக்கு எழுதப்பட்டது. இந்த ஊர்ச் சபையின் கண்காணியான (பிஷப்) பொலிக்கார்ப்பு இரண்டாம் நூற்றாண்டில் இங்கேயே இரத்தசாட்சியானார். அவர் பெயரில் உள்ள ஆலயத்துக்குள் போக முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரவுக்குப் பெர்காமா, பெர்கமுவின் இன்றைய ஊர்.

நான்காம் நாள்: பெர்கமு மலைமேல் இருக்கிறது, ரோப் காரில் ஏறலாம். கிரேக்கக் கடவுள் சியுஸின் பலிபீடத்தின் அடித்தளம் மட்டுமே இங்கே மிச்சம், சிற்பங்கள் பெர்லினில் உள்ளன. பெர்கமு கடிதத்தில் "சாத்தானுடைய சிங்காசனம்" என்றது இந்தப் பீடத்தைத்தான் என்பவர்கள் உண்டு. பிற்பகல் தியத்தீரா, அதாவது இன்றைய அக்ஹிசார். ஊர் நடுவில் வேலி போட்ட சின்ன இடம்தான், அரை மணிநேரம் போதும். இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விற்ற, அப்போஸ்தலர் 16-ல் வரும் லீதியாளின் ஊர் என்பதை மட்டும் சொல்ல மறக்காதீர்கள்.

ஐந்தாம் நாள்: சர்தை. அண்ணாந்து பார்த்தால் செங்குத்தான கோட்டை மலை தெரியும். யாரும் ஏற முடியாது என்று நினைத்துக் காவல் வைக்காத பக்கமாக எதிரிகள் ஏறி, இரண்டு முறை பிடித்த கோட்டை. "விழித்துக்கொண்டு" இரு என்ற கட்டளையை இங்கே வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. பிலதெல்பியாவில், இன்றைய அலாஷெஹிரில், வீடுகளுக்கு நடுவே பிற்காலத்து ஆலயத்தின் பருத்த தூண்கள் நிற்கின்றன. கி.பி. 17-ல் நிலநடுக்கத்தில் குலுங்கிய ஊர் இது. அங்கேதான் ஜெயங்கொள்ளுகிறவனைத் தேவாலயத்தில் தூணாக்குவேன் என்ற வாக்குத்தத்தம் வந்தது. இரவுக்கு லவோதிக்கேயாவுக்குப் பக்கத்திலுள்ள பமுக்கலே.

ஆறாம் நாள்: லவோதிக்கேயாவுக்குக் காலையிலேயே போங்கள். எதிரே வடக்கில் வெள்ளை வெளேரென்று தெரிவது எராப்போலி, வெந்நீர் ஊற்றுகள் உள்ள இடம். இன்னொரு பக்கம் கொலோசே, அங்கே குளிர்ந்த நீரோட்டம். லவோதிக்கேயாவுக்கோ தொலைவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அந்தக் குழாய்களைத் தேடிப் பார்த்து உள்ளே விரலை விடாமல் குனிந்து நோக்குங்கள். சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து துவாரம் சிறுத்திருக்கும். "நீ குளிருமல்ல அனலுமல்ல" என்ற வசனத்தை அந்தக் குழாயின் பக்கத்தில் நின்றே வாசியுங்கள். வெந்நீர் உடம்பு வலிக்கு ஆகும், குளிர்ந்த நீர் தாகத்துக்கு ஆகும், வெதுவெதுப்பானது எதற்கும் ஆகாது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று உறைத்திருக்கும். கி.பி. 60-ல் ஊர் இடிந்தபோது ரோமின் உதவியில்லாமல் சொந்தப் பணத்திலேயே கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அந்தக் கடிதத்தில் வருவதையும் சேர்த்து யோசிக்க நேரம் கொடுங்கள்.

அப்புறம் எராப்போலியையும் பமுக்கலேயின் வெள்ளைப் படிகளையும் பார்த்துவிட்டு, டெனிஸ்லி விமான நிலையத்திலிருந்து இஸ்தான்புல் திரும்பலாம். படிகளில் செருப்போடு நடக்க விடமாட்டார்கள், ஈரக் கால் துடைக்க ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு பையில் இருக்கட்டும்.