ஃபீல்டு டெஸ்டை நம்பும்படி எடுப்பது எப்படி

ஃபீல்டு டெஸ்ட் என்பது, நேரே பார்க்கும் கண் சுற்றிலும் எந்தெந்த இடத்தில் ஒளியைக் காண்கிறது என்று அளக்கும் சோதனை. அதை எடுக்கும் ஹம்ஃப்ரி கருவியின் 24-2 முறை, 6 டிகிரி இடைவெளியில் 54 இடங்களைச் சோதிக்கும்.

நோயாளியின் ஒரு கண்ணை மூடுங்கள். வயதுக்கேற்ற படிக்கும் பவர் சேர்த்த லென்ஸை இமைமுடியில் படாமல், ஆனால் கண்ணுக்கு நெருக்கமாக வையுங்கள். தள்ளி வைத்தால் அதன் விளிம்பே பார்வை இழப்பாகப் பதியும். மேலிமை தொங்கினால் டேப் ஒட்டித் தூக்குங்கள். இல்லையேல் மேல்பகுதி கறுத்து, கிளாக்கோமா (பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் நோய்) போலவே இருக்கும்.

பலரும் அவசரப்படுவது விளக்கம் சொல்வதில்தான். “நடு விளக்கையே பாருங்கள். மங்கலாகத் தெரிந்தாலும் அழுத்துங்கள். ஏறக்குறைய பாதி ஒளிகள் தெரியாது, அது இயல்பு. களைத்தால் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், டெஸ்ட் நிற்கும்.” கடைசி இரண்டைச் சொல்லாவிட்டால், பயத்தில் சும்மா சும்மா அழுத்துவார்கள். ஒளி தெரியாமலே அழுத்தும் தவறான அழுத்தல் 15 சதவீதத்தைத் தாண்டிய அறிக்கையை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுங்கள். நடு விளக்கிலிருந்து பார்வை விலகல் 20 சதவீதத்தைத் தாண்டினால், தலை சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிக்கையின் பேட்டர்ன் டீவியேஷன் படத்தில் (பொதுவான மங்கலைக் கழித்துவிட்டு, குறிப்பிட்ட இடங்களின் இழப்பைக் காட்டும் படம்), நடுக் கிடைக்கோட்டின் ஒரே பக்கம் அடுத்தடுத்து 3 புள்ளிகள் 5 சதவீதத்துக்குக் கீழே (அதாவது, அதே வயதுள்ள நலமான கண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவற்றிலேயே அவ்வளவு இழப்பு இருக்கும்), அதில் ஒன்றாவது 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் டெஸ்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பழக்கமின்மையாலும் அப்படி வரும். மறு டெஸ்டிலும் அதே இடம் கறுத்தால்தான் கணக்கு.